வடகோடியில் ஓர் எல்லைக்கல்

குடும்ப சகிதமாக அலாஸ்காவுக்குக் கப்பலேறும் பிரயாணிகள் கண்டு பிரமிக்கும் இடம் கிளேஸியர் பே. 1794-ஆம் வருஷத்தில் வான்கூவரின் மாலுமிகள் அங்கே போனபோது குடா பெரும்பாலும் பனியால் நிரம்பிக் கிடந்தது. 1879-ல் ஜான் மியூர் சென்றபோது அப்பனி முப்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்றோ, குடாவின் தலைமாட்டில் நிற்கும் பனியைக் குழந்தைகளுக்குக் காட்ட அறுபது மைல் உள்ளே செல்ல வேண்டியிருக்கிறது.

கரையிறங்கி உள்நாடு சென்றால் தெனாலி தேசியப் பூங்கா. அங்குள்ள சாலையின் நீளம் 92 மைல். கோடையில் சொந்த மோட்டார் 15 மைலுக்கு மேல் செல்ல அநுமதியில்லை. அப்பால் பூங்கா பஸ்தான். கரடி குட்டிகளுடன் சாலையைக் கடந்தால் பஸ் காத்து நிற்கும். "ஏன் அப்பா, நம் வண்டி போகக் கூடாதா?" என்று குழந்தை கேட்டால் பதில் சுலபம்: அந்த வீட்டுக்காரர் கரடி, நாம் விருந்தாளிகள்.

"பனி எங்கே போயிற்று?" என்று கேட்டால்தான் சங்கடம். ஆதியில் அது விலகியது இயற்கையின் லீலை. இன்று அலாஸ்காவின் பனியாறுகள் கரைவதிலோ, நம் கப்பலும் மோட்டாரும் கக்கும் புகைக்கும் பங்குண்டு. மோட்டாரைப் பதினைந்தாவது மைலில் நிறுத்தச் சட்டம் இருக்கிறது. புகையை நிறுத்த எந்த இடத்தில் எல்லைக்கல் நடுவது?