ஓரத்தை வெட்டாதீர்கள்

அமெரிக்காவில் 1880-களில் சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் 1886 முதல் தன் 'ஓல்டு ஜட்ஜ்' சிகரெட்டோடு கொடுத்த அட்டைகளில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் புகைப்படங்கள் இருந்தன. குழந்தைகள் விளையாடித் தொலைத்தது போக மிஞ்சியவற்றுக்குத்தான் இன்று ஏலத்தில் அடிதடி.

நமக்கும் அப்படியொரு காகிதம் உண்டு. அதே காலத்தில் மான்செஸ்டரிலிருந்து வந்த துணிக்கட்டுகளிலும் நூல்கட்டுகளிலும் வண்ண லேபிள் ஒட்டியிருக்கும். லட்சுமி, கிருஷ்ணர், யானை, புலி என்று கல்லச்சில் அடித்த படங்கள். எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் படத்தைக் காட்டிச் சரக்கைக் கேட்கலாம். 1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபின், சாமி படங்கள் நம் வீட்டுச் சுவர்களில் ஏறின.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள திருப்புட்குழியில் ராமன் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்தான் என்பது நம்பிக்கை. விஜயராகவப் பெருமாள் கோயில் கொண்ட அந்த ஊரில், ராவணன் ஜடாயுவின் சிறகை வெட்டும் ரவிவர்மா படம் மற்ற ஊர்களைப் போல வெறும் புராணக் காட்சி அல்ல, உள்ளூர்ச் செய்தி! தமிழ் வீடுகளில் இத்தகைய அச்சுப்படங்களைச் சும்மா மாட்டவும் இல்லை. தேவிக்குத் துணி வெட்டி ஒட்டி, ஜரிகையில் கரை வைத்து, சமிக்கி பதித்தார்கள். பட்டுத் தறி ஓடும் வட்டாரத்தில் அப்படி ஒரு படம் கிடைத்தால், அதில் ஒட்டிய ஜரிகைத் துண்டும் ஆராய வேண்டிய பொருளே.

ஆனால் நடப்பது என்ன? தேக்குச் சட்டத்துக்காகவும் பழைய கண்ணாடிக்காகவும் வியாபாரி படத்தை வாங்குகிறார். அது எந்த ஊர், யார் வீடு என்ற விவரம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. விலை வந்துவிட்டது, பட்டியல் வரவில்லை.

அமெரிக்காவில் பட்டியல்தான் முதலில் வந்தது. ஜெபர்சன் பர்டிக் சிரக்யூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலைத் தொழிலாளி. மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கியவர். 1939 முதல் அவர் வெளியிட்ட அட்டைப் பட்டியல்களின் குறியீடுகளைத்தான் சேகரிப்பாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துணுக்குகளையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, தாமே ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் இறந்தார்.

தமிழ்நாட்டில் அவருக்கு இணை தேடினால் கோட்டையூர் ரோஜா முத்தையாதான். பெயர்ப்பலகை எழுதும் ஓவியரான அவர் 19-ஆம் நூற்றாண்டு நூல்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ்களையும் காத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிலைக்க வழிசெய்தது சிகாகோ பல்கலைக்கழகம். இங்கிருந்து யாரும் முந்திக்கொள்ளவில்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முத்தையா கிடைக்கமாட்டார். ஆனால் கிளை நூலகத்தில் ஒரு பதிவேடு வைக்கலாம். படம் சுவரிலேயே இருக்கட்டும். செல்போனில் பிடித்து, வீடு, தலைமுறை, கிடைத்த விதம் ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் போதும்.

படத்துக்குச் சட்டம் போடுபவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அளவுக்குப் பொருந்த அவர்கள் வெட்டித் தள்ளும் கீழ்விளிம்பில்தான் அச்சகத்தின் பெயர் இருக்கிறது. ரவிவர்மா அச்சகப் படத்தில் பம்பாய் என்றிருந்தால் தொடக்க காலத்தது. 1899-இல் இடம் மாறியபின் வந்தவற்றில் லோனாவ்லா பக்கத்து முகவரி. ஓரம் போனால் அந்த அடையாளமே போச்சு. அமெரிக்காவிலோ, கோடிக்கணக்கில் விலைபோன, பேஸ்பால் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் அட்டையின் ஓரத்தைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக அதை விற்ற வியாபாரி 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அங்கே அது ஊரறிந்த மோசடி. நம் சட்டக் கடைகளில் அன்றாட வேலை. பின்பலகையைக் கழற்றினால் உள்ளே திணித்த பழைய செய்தித்தாளையும் எறியாமல் தேதியைப் பார்க்கச் சொல்லலாம்.