வலயம் என்று சொல்லி ஷெல் அடிப்பதைக் கண்டிக்கிறோம்

தோல், காலணித் தொழிலாளர் சங்கக் கண்டன அறிக்கை
ஆம்பூர், வேலூர் மாவட்டம், 14.2.2009

இலங்கை அரசு ஜனவரி 21 அன்று ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்த உடையார்கட்டுப் பகுதிக்குள்ளேயே ஷெல் விழுந்தது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை இம்மாத முதல் வாரத்தில் பலமுறை தாக்கப்பட்டு, நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு காலி செய்ய வேண்டியதாயிற்று. 10-ஆம் தேதி செஞ்சிலுவைக் கப்பல் 240-க்கும் அதிகமான நோயாளிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டதே, அந்தப் புதுமாத்தளன் கரையைத்தான் நேற்று முன்தினம் புது வலயம் என்று அறிவித்திருக்கிறார்கள். எங்கள் சங்கம் இதை வன்மையாகக் கண்டிக்கிறது.

கிளிநொச்சி ஜனவரி 2-இல் விழுந்தது. 9-இல் ஆனையிறவு, 25-இல் முல்லைத்தீவு. ராணுவம் நகர நகர, செஞ்சிலுவைச் சங்கக் கணக்குப்படி இரண்டரை லட்சம் பேர் கடலோரத் துண்டு நிலத்துக்குள் நெருக்கப்பட்டிருக்கிறார்கள். 2006 அக்டோபரில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே நடந்த ஜெனீவாப் பேச்சு, யாழ்ப்பாணம் செல்லும், மூடிக்கிடந்த ஏ-9 பாதையைத் திறப்பதா இல்லையா என்பதிலேயே முறிந்தது. ஒரு சாலையைத் திறக்க மனம் வராத இலங்கை ஆட்சியாளர்கள், 2002-இன் போர்நிறுத்த ஒப்பந்தத்தை 2008 ஜனவரியில் ரத்து செய்ததில் வியப்பில்லை.

நம் மத்திய அரசு இலங்கை ராணுவத்துக்குக் கொடுத்தது ராடார். சென்ற செப்டம்பரில் வவுனியா ராணுவ முகாம் தாக்கப்பட்டு இந்தியப் பொறியாளர்கள் இருவர் காயம்பட்டபோதுதான் அது பலருக்குத் தெரியவந்தது. தமிழகச் சட்டமன்றம் ஜனவரி 23-இல் தீர்மானம் போட்டது. நான்கு நாளில் பிரணாப் முகர்ஜி கொழும்பு போனார். ஷெல் நிற்கவில்லை.

மக்களை வெளியேற விடாமல் தடுக்கும் புலிகளையும் கண்டிக்கிறோம். துரோகிப் பட்டம் வரும், வரட்டும். எங்கள் உறுப்பினர்களில் முஸ்லிம்கள் ஏராளம்; 1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் விரட்டியதை மறந்துவிட்டு எங்களால் அறிக்கை எழுத முடியாது. அன்று அவர்களைப் போ என்றவர்கள், இன்று இவர்களைப் போகாதே என்கிறார்கள்.

இரு தரப்பும் உடனே சுடுவதை நிறுத்த வேண்டும். உணவும் மருந்தும் ஏற்றிய செஞ்சிலுவைக் கப்பல்கள் தடையின்றிக் கரை சேர வேண்டும். இந்தியா ராணுவ உதவி அனைத்தையும் விலக்கிக்கொள்ள வேண்டும். மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில் உறவுகளின் கதி தெரியாமல் இருப்பவர்களுக்குத் தகவல் கிடைக்க மாவட்ட நிர்வாகம் வழி செய்ய வேண்டும்.

வரும் திங்கள்கிழமை உறுப்பினர்கள் அனைவரும் கறுப்பு பேட்ஜ் அணிந்து வேலைக்குச் செல்வார்கள்.

தலைவர், செயலாளர்