பூட்டன் ஏறிய கப்பலுக்குப் பேர் என்ன?

எங்க வீட்டில் ஒரு கதை உண்டு. ஆச்சியின் அப்பா, அதாவது என் பூட்டன், வெள்ளைக்காரன் கப்பலில் உலகம் சுத்தினவர். தூத்துக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து பம்பாய் போய், இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சரக்குக் கப்பலில் ஏறினாராம். ஒரு மாமா அவரை கேப்டன் என்பார். இன்னொரு மாமா இன்ஜினியர் என்பார். ஆச்சி மட்டும், "பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டாருடா" என்பாள். ஆச்சி சொல்வதுதான் சரி என்பது என் கட்சி :-)

செமஸ்டர் லீவில் இதற்கு ஆதாரம் தேட உட்கார்ந்தேன். பி.காம் படிக்கிறவனுக்கு வவுச்சர் இல்லாமல் எந்தக் கணக்கும் ஜீரணம் ஆகாது, என்ன செய்ய?

தேடத் தேடத்தான் ஒன்று புரிந்தது. கப்பல் ஆவணங்கள் யாரையும் நினைவு வைத்துக்கொள்ள எழுதப்பட்டவை அல்ல. அவை சம்பளக் கணக்கு. மாலுமியின் பெயர், வயது, ஊர், வேலை, சம்பளம், ஏறிய நாள், இறங்கிய நாள். கணக்கு முடிந்தால் காகிதத்துக்கு வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

அதனால்தான் பிரிட்டிஷ் ஆவணங்களிலேயே இத்தனை ஓட்டை. 1835-ல் மாலுமிகளைப் பதிவு செய்ய ஆரம்பித்து, 1857-ல் நிறுத்திவிட்டார்கள். மறுபடி தொடங்கியது 1913-ல். நடுவில் உள்ள காலத்துக்குக் கப்பலின் பெயர் தெரியாமல் ஒருவரைக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு. 1913-லிருந்து சேர்த்த அட்டைகளில் முதல் சில வருடங்களுக்கானதை 1969-ல் அழித்துவிட்டார்கள். கப்பல்வாரி மாலுமிப் பட்டியல்களில் 10 சதவீதத்தை மாதிரிக்கு லண்டன் ஆவணக் காப்பகம் வைத்துக்கொண்டது. 1863 முதல் 1938 வரையிலானதில் சுமார் 70 சதவீதம் இருப்பது எங்கே தெரியுமா? கனடாவில், நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில். அவர்கள் வாங்கிக்கொள்ளாவிட்டால் அதுவும் போயிருக்கும்.

வெள்ளைக்கார மாலுமிக்கே இந்தக் கதி. நம்மாட்களை 'லஸ்கர்' என்று தனியாகப் பிரித்து, தனி ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். அதே கப்பல், அதே கடல், ஆனால் சம்பளம் பல மடங்கு குறைவு. சாரங் என்கிற மேஸ்திரிதான் ஆள் பிடித்துக் கொடுப்பார். பட்டியலில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர், எழுதுகிற குமாஸ்தா காதில் விழுந்த மாதிரி ஸ்பெல்லிங். இதில் என் பூட்டனை எங்கே போய்த் தேடுவது?

இன்னொன்றுதான் மனசை அறுத்தது. அந்தப் போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறக்குறைய 6,000 பேருக்குப் பெயர்ப் பதிவேடு இருக்கிறது. ஒரு பிரதி மும்பையில், ஒரு பிரதி சிட்டகாங்கில். லண்டன் டவர் ஹில்லில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்காரர்களின் பெயர்களைப் பலகை பலகையாகப் பொறித்திருக்கிறார்கள். நம்மவர்களுக்குப் புத்தகம்தான். பரவாயில்லை, பெயராவது இருக்கிறதே. என் பூட்டன் உயிரோடு திரும்பி வந்தவர். செத்திருந்தால் அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடைத்திருக்கும். வீடு வந்து சேர்ந்ததால் எனக்கு ஒரு வரிகூட இல்லை!

இங்கே ஒரு அலுவலகத்துக்கும் எழுதிப் பார்த்தேன். சி.டி.சி. நம்பர் கேட்டார்கள். மாலுமி கையில் இருக்கும் சின்னப் புத்தகம் அது. எந்தக் கப்பலில் எப்போது ஏறினார், எப்போது இறங்கினார் என்று முத்திரையோடு எழுதியிருக்கும். ஆச்சியிடம் கேட்டேன். "அது தகரப் பெட்டியில கிடந்துச்சு. வீடு இடிச்சுக் கட்டுறப்ப பெட்டியோட பழைய இரும்புக் கடைக்குப் போட்டாச்சு" என்றாள்.

வெள்ளைக்காரன் 1969-ல் அழித்தான் என்று படித்தபோது அவ்வளவு கோபப்பட்டேனே, நாங்கள் செய்தது என்ன? எடைக்குப் போட்டோம். கிலோ என்ன விலை என்றுகூட ஆச்சிக்கு ஞாபகம் இருக்கிறது. கப்பல் பேர்தான் ஞாபகம் இல்லை.

என் கருத்து இதுதான். பெரியவர்களைக் கேப்டன் ஆக்கிப் பெருமை பேசுவதை விட்டுவிட்டு, கப்பல் பேர், கம்பெனி, ஏறிய துறைமுகம், கூடப் போனவர்கள் இந்த நாலையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காதவர் கப்பலை வைத்துத் தேடினால் கிடைக்கலாம். இன்னொன்று, "ரெக்கார்ட் இல்லை" என்று பதில் வந்தால் ஆளே இல்லை என்று அர்த்தமில்லை. வவுச்சர் தொலைந்ததால் செலவு நடக்கவில்லை என்று எந்த ஆடிட்டராவது சொல்வாரா?

போன வாரம் ஆச்சி கேட்டாள், "கிடைச்சுதாடா?" இன்னும் இல்லை ஆச்சி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா கையில, முழங்கைக்குக் கீழ தீக்காயத் தழும்பு இருக்கும். அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். இப்போதைக்கு என்னிடம் உள்ள ஒரே சர்வீஸ் ரெக்கார்ட் அதுதான்.