ஓடும் குதிரைக்கு இன்னொரு சவுக்கா?



பிள்ளைகளின் படிப்பையும் குடும்பச் சிக்கனத்தையும் பற்றி எழுதி வரும் வாத்தியாருக்கு மோட்டார் காரில் என்ன வேலை என்று இம்மாதம் நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி உங்களில் ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒரு தகப்பனார் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் ஜொகூரில் தொழிற்சாலை வேலை பார்க்கிறான். டோயோட்டா 86 என்னும் பழைய கார் ஒன்றைத் தவணையில் வாங்கியிருக்கிறான். அதுவே நல்ல வேகமான வண்டி. அது போதாதென்று இப்போது "சூப்பர்சார்ஜர்" என்ற கருவியை அதில் பூட்ட வேண்டும் என்கிறானாம். பல ஆயிரம் வெள்ளி செலவாகும். அப்பா பாதி கொடுத்தால் போதும் என்கிறானாம். "கொடுக்காவிட்டால் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். கொடுத்தால் இரவில் தூக்கம் வராது போலிருக்கிறது. என்ன செய்ய?" என்று கேட்கிறார்.

"வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். ஆனால் காரணம் சொல்லாத "வேண்டாம்" இருபத்தைந்து வயதுப் பிள்ளையிடம் செல்லுபடியாகாது. அவனுக்கு வண்டியைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். ஆகவே அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை முதலில் நாமும் தெரிந்துகொள்வோம்.

விறகடுப்பில் சமைத்த நம் தாய்மாருக்கு இதை விளக்குவது எளிது. அடுப்பு மந்தமாக எரிந்தால் ஊதுகுழலால் ஊதுவோம். காற்று கூடினால் நெருப்பு கூடும். கார் இயந்திரமும் ஓர் அடுப்புதான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். சாதாரண இயந்திரம் தானாக மூச்சு இழுத்து எவ்வளவு காற்றைப் பெறுகிறதோ, அவ்வளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். சூப்பர்சார்ஜர் என்பது இயந்திரத்தின் சுழற்சியைக் கொண்டே, பெரும்பாலும் ஒரு பெல்ட் மூலம், சுழலும் காற்றுப் பம்பு. அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடுவதால் பெட்ரோலைக் கூட்டலாம்; பலமும் கூடும். டர்போ என்று பிள்ளைகள் சொல்லும் கருவியின் வேலையும் இதுவே. அது புகைக்குழாய் வழியே வெளியேறும் வாயுவின் விசையால் சுழல்கிறது என்பதே வேறுபாடு.

இந்தக் காற்றூதி காருக்கென்று பிறந்ததும் அன்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் என்னும் சகோதரர்கள் 1860இல் ஒரு காற்றூதிக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது தொழிற்சாலை உலைகளுக்குக் காற்று ஊதப் பயன்பட்டது. பிற்காலத்தில் அதே அமைப்பு கார் இயந்திரத்தில் ஏறியது.

சரி, ஊதினால் பலம் கூடும். கூடவே இன்னொன்றும் கூடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அழுத்தப்பட்ட காற்று சூடேறும் என்பது இயற்கை. சூடான காற்றும் பெட்ரோலும் இயந்திரத்துக்குள் மேலும் நெருக்கப்படும்போது, நெருப்புப் பொறி மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கலாம். சுத்தியலால் தட்டியது போன்ற சத்தம் கேட்கும். அந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டன் உடையும். இயந்திரம் பழைய இரும்புக்குப் போகும்.

இங்கேதான் நம் கடிதக்காரர் மகனின் வண்டியைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். 2012இல் வெளிவந்த டோயோட்டா 86 காரின் இரண்டு லிட்டர் இயந்திரம் காற்றூதி இல்லாமலே 200 குதிரைச் சக்தி தருவது. 1994இல் நம் நாட்டில் வெளிவந்த கஞ்சில் காரின் பலம் 31 குதிரைச் சக்தி. அப்படியானால் ஆறு கஞ்சில் கார்களின் பலத்துக்கு மேல் இந்த ஒரு வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பலத்தைப் பெறுவதற்காக, உள்ளே வரும் கலவையைப் பன்னிரண்டரை மடங்கு நெருக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். முன்பே இறுக்கிக் கட்டிய மூட்டை அது. அதற்குள் இன்னும் திணிப்பதென்றால் காற்றைக் குளிரவைக்கும் கருவி வேண்டும். தரமான பெட்ரோல் வேண்டும். பெட்ரோல் அளவையும் பொறி விழும் நேரத்தையும் புதிதாகக் கணக்கிட்டு அமைக்கும் கைதேர்ந்த ஆள் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நட்டம் வண்டிக்காரனுக்கே.

பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இந்த உண்மை புதிதன்று. பட்டையில் மருந்து தடவினால் பால் பெருகும். அப்படித் தடவிய மரத்தை முன்போல் அடிக்கடி வெட்டக் கூடாது. இடைவெளி விட்டு வெட்ட வேண்டும். ஆசைப்பட்டு மருந்தையும் கூட்டி, வெட்டையும் கூட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். மரத்துக்கு ஒரு கணக்கு இருப்பது போல இயந்திரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு.

உண்மையை மறைக்கக் கூடாது. திறமையான பட்டறையில், தரமான கருவியைப் பொருத்தி, அடக்கமான அழுத்தத்தில் ஓட்டினால் அது வேலை செய்யும். பிள்ளை சொல்வது பொய்யன்று. ஆனால் "செய்ய முடியுமா" என்பது ஒரு கேள்வி. "செய்யத் தேவையா" என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றிப் பெயர்பெற்ற ஒரு வழக்கே இங்கிலாந்தில் நடந்திருக்கிறது.

பென்ட்லி கார்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நிறுவனத்தை உண்டாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லி அமைத்த நாலரை லிட்டர் கார், பிரான்ஸ் நாட்டில் லெ மான் என்னுமிடத்தில் 24 மணி நேரம் ஓடும் பந்தயத்தில் 1928இல் முதலாவதாக வந்தது. அப்படிப்பட்ட வண்டிக்கே பலம் போதாது என்றார் டிம் பர்க்கின் என்னும் பந்தய வீரர். அதில் சூப்பர்சார்ஜர் பூட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பென்ட்லிக்கோ அதில் சம்மதமில்லை. பலம் வேண்டுமானால் பெரிய இயந்திரமாகச் செய்து கொள்வதே முறை. ஒரு கணக்கில் அமைத்த இயந்திரத்துக்குள் காற்றைத் திணிப்பது அதன் அமைப்பையே கெடுக்கும் என்பது அவருடைய கருத்து. பர்க்கின் விடவில்லை. டாரத்தி பேஜெட் என்னும் செல்வந்தப் பெண்மணி பணம் கொடுத்தார். அம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்னும் பொறியாளர் காற்றூதியை அமைத்தார். சுமார் 110 குதிரைச் சக்தி தந்த இயந்திரம், பந்தய வண்டியில் 240 வரை தந்தது.

1930ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் என்ன நடந்தது? பர்க்கின் பறந்தார். டயரின் மேற்பட்டை பிய்ந்த நிலையிலும், பாதையோரப் புல்லில் சக்கரத்தை இறக்கி எதிரியின் மெர்சிடிஸ் காரை முந்தினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆனால் 24 மணி நேரம் முடிந்தபோது, காற்றூதி பூட்டிய இரண்டு பென்ட்லிகளும் பழுதாகிப் பந்தயத்தைவிட்டு விலகியிருந்தன. காற்றூதி இல்லாத ஆறரை லிட்டர் பென்ட்லிகள் முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் பெற்றன.

பர்க்கினுடைய முயற்சி முழுவதும் வீண் என்று சொல்வதும் நியாயமாகாது. 1932இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் அவருடைய காற்றூதி பென்ட்லி மணிக்கு 222 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வந்து சாதனை படைத்தது. ஒரு சுற்று வேகத்துக்கு அது உதவியது. ஒரு நாள் முழுவதும் உழைப்பதற்கு உதவவில்லை. நம் பிள்ளையின் கார் எந்த வேலைக்கு? விடிகாலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகவும், தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வரவும், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும்தானே?

இனி நம் சாலைகளுக்கு வருவோம். நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். கூட்டரசுச் சாலைகளிலும் மாநிலச் சாலைகளிலும் பொதுவாக 90. இப்போதிருக்கும் 200 குதிரைச் சக்தியிலேயே அந்தக் கார் நின்ற இடத்திலிருந்து எட்டு வினாடிக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். அதற்குமேல் கூட்டும் பலத்தை எந்தச் சாலையில், எந்த நேரத்தில் செலவழிப்பது? தோட்டத்து மண்சாலையிலா? குலை ஏற்றிய லாரியும், விளக்கில்லாத மோட்டார் சைக்கிளும், குறுக்கே வரும் மாடும் உள்ள வழியிலா?

பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று சொல்கிறேன். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஒரு வினாடி போனால், வண்டி 25 மீட்டர் போய்விடும். வேகம் 180 ஆனால் 50 மீட்டர். அதுமட்டுமன்று. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. இயந்திரத்துக்குக் கருவி பூட்டியவன் பிரேக்கையும் டயரையும் அப்படியே விட்டால், ஓடும் பலம் மட்டும் கூடியிருக்கும். நிற்கும் பலம் அப்படியே இருக்கும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள்.

சட்டத்தையும் மறக்கலாகாது. இயந்திரத்தில் இத்தகைய மாற்றம் செய்யச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால், விபத்து நேரும் நாளில் இழப்பீடு மறுக்கப்படலாம். தவணைக் கடனோ தீராது. கார் நொறுங்கிப் போன பிறகும் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டிய நிலை வந்தால், அந்தச் சுமை யார் தலையில் விழும்? ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் தலையிலும் அல்லவா?

ஆகவே கடிதம் எழுதிய அன்பருக்கு என் பதில் இதுதான். இதற்காகச் சேமிப்பைத் தொட வேண்டாம். கடன் வாங்க வேண்டாம். வீட்டுப் பெண்களின் கழுத்துச் சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்பவும் வேண்டாம். அதே சமயம் மகனைத் திட்டவும் வேண்டாம். வண்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அறியத் துடிக்கும் பிள்ளை சோம்பேறிப் பிள்ளை அல்லன். அந்த ஆர்வம் ஒரு மூலதனம். வாகனத் தொழிற்கல்விச் சான்றிதழ் படிக்கிறேன் என்று அவன் சொன்னால், கொடுக்கக்கூடியதைக் கொடுங்கள். அந்தப் பணம் திரும்பி வரும்.

தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டிக்குச் செலவழித்தே தீர வேண்டுமென்றால் முதலில் நல்ல டயர் நான்கு போடுங்கள். பிரேக் கட்டையையும் பிரேக் எண்ணெயையும் மாற்றுங்கள். குளிரூட்டும் நீரையும் இயந்திர எண்ணெயையும் காலத்தில் மாற்றுங்கள். அந்த வண்டியின் முழு வேகத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால், 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் ஓடுகளம் இருக்கிறது. பொதுமக்களுக்கு அனுமதியுள்ள நாளில், தலைக்கவசம் அணிந்து, அங்கே ஓட்டிப் பாருங்கள். அங்கே எதிரே லாரி வராது, மாடு வராது, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

அதன் பிறகும் மனம் ஆறவில்லை என்றால், சொந்தச் சம்பாத்தியத்தில் பணம் சேருங்கள். சேர்ந்ததும் பட்டறைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த இயந்திரத்துக்கு எவ்வளவு அழுத்தம் தாங்கும்? வெப்பத்தை எப்படிக் குறைப்பீர்கள்? பிரேக்குக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? இலாகா அனுமதிக்கு யார் பொறுப்பு? நான்குக்கும் தெளிவான பதில் சொல்லாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பணம் சேர்வதற்குச் சில ஆண்டுகள் ஆகும். ஆகட்டும். அதற்குள் கல்யாணம் வரும், தங்கையின் படிப்பு வரும், சொந்த வீட்டுக்கு முன்பணம் கட்டும் நாள் வரும். அன்றைக்கும் அந்தக் கருவிதான் முதலில் வேண்டும் என்று தோன்றினால், வாங்கிக்கொள்ளுங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.