கட்டத்துக்குள் புது விதிகள்

2017-இல் உலக சுடோகு போட்டி பெங்களூருவில் நடந்தது. நெல்லைக்காரர் அங்கே போக இரவு முழுக்க ரயிலில் உட்கார வேண்டும். ‘லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா’ நடத்தும் இணையப் போட்டிகளுக்கு அந்த அலைச்சல் இல்லை.

இத்தகைய போட்டிகளில், நாளிதழ்ச் சுடோகுவில் கைதேர்ந்தவரையும் திணறடிப்பவை அதன் மாற்று வகைகள். ஒன்றில், வரைந்த வெப்பமானியின் குமிழிலிருந்து எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும்; இன்னொன்றில், சதுரங்கக் குதிரை தாவும் கட்டத்தில் அதே எண் வரக்கூடாது. வழக்கமான சுடோகுவுக்கு ஒரே விடை அமையக் குறைந்தது 17 எண்களாவது தரவேண்டும் என்று 2012-இல் கேரி மெக்கயர் குழு கணினியால் காட்டியது. மிட்செல் லீயின் ‘மிராக்கிள் சுடோகு’, கூடுதல் விதிகளின் பலத்தால், இரண்டே எண்களோடு 2020-இல் உலகைச் சுற்றியது!

மனப்பாடத்துக்கு இங்கே வேலையே இல்லை. பாளையங்கோட்டைப் பள்ளிகளின் கணித மன்றங்கள் இந்தப் புதிர்களைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பிள்ளைகளும் களமிறங்கட்டும்.