ஒரே படுக்கையைச் சுற்றி நிற்கப்போகிறவர்கள் ஒன்றாகப் படிக்க வேண்டும்: பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், ஆய்வக நுட்பம் முதலிய படிப்புகளின் மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவர் சேர்ந்தும் கற்பது பல்தொழில் கூட்டுக்கல்வி எனப்படும். உலக சுகாதார நிறுவனம் 1988-லேயே இதை வலியுறுத்தி அறிக்கை வெளியிட்டது. 2010-இல் இதற்கான செயல்திட்ட வரைவையும் தந்தது. நான்கு துறை மாணவர்களை ஓர் அரங்கில் உட்காரவைத்து விரிவுரை கேட்கச் செய்தால் மட்டும் இது நடந்துவிடாது. ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு, அவரவர் கண்டதை எடுத்துச் சொல்லி, தமக்குள் விவாதித்து, அவர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். கற்றல் அந்தப் பேச்சில் இருக்கிறது.

இதன் தேவை பக்கவாத நோயாளி ஒருவரின் படுக்கையருகே நன்கு புலப்படும். மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டவருக்கு, அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதை முடிவு செய்பவர் மருத்துவர். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் புகட்டும் ஒரு வாய்த் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கலாம். அதைத் தடுப்பவர் செவிலியர் அல்லது பேச்சுப் பயிற்சியாளர். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவக்கூடும். எப்படித் தூக்குவது என்று வீட்டாருக்குக் காட்டித் தருபவர் இயன்முறை மருத்துவர். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரை இரத்தக்கசிவில் முடியலாம். அதைச் சொல்லி எச்சரிப்பவர் மருந்தாளுநர். இவர்களில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போய்ச் சேராவிட்டால் துன்பப்படுவது படுக்கையில் கிடப்பவர்தான்.

ஆனால் இவர்கள் மாணவப் பருவத்தில் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. தமிழ்நாட்டில் இப்படிப்புகளில் பெரும்பாலானவை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்ற ஒரே குடையின் கீழ் வருகின்றன. இருந்தும் கால அட்டவணை வேறு, தேர்வு வேறு. தேசிய அளவிலும் மருத்துவத்துக்கு ஓர் ஆணையம், மருந்தியலுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கவுன்சில், துணை மருத்துவத் தொழில்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி மற்றோர் ஆணையம். ஒரே வளாகத்தில் ஒரே கேன்டீனில் சாப்பிடுபவர்கள் நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு பழகாமலே பிரிகிறார்கள்.

பிரிந்து படிப்பதன் பெரிய கேடு தயக்கம். நோயாளியின் மூச்சு வேகம் கூடுவதை முதலில் கவனிப்பவர் இரவு டூட்டியிலுள்ள நர்சிங் மாணவியாக இருக்கலாம். ‘டாக்டரிடம் நாம் போய்ச் சொல்வதா’ என்று அவர் தயங்குகிறார். ‘நர்சிடம் கேட்பதா’ என்று பயிற்சி மருத்துவரும் தயங்குகிறார். இந்தத் தயக்கம் இருபது வயதில் படிந்துவிட்டால் நாற்பது வயதில் போகாது.

பேசுவதால் உயிர் பிழைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. உடலில் கத்தி படுமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. புதுதில்லி உள்ளிட்ட 8 நகரங்களில் இப்பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததென 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. இது மாணவர்களைப் பற்றிய ஆய்வன்று. எனினும் அந்தப் பழக்கத்தை ஊன்றுவதற்கு ஏற்ற பருவம் மாணவப் பருவமே. சுவீடனின் லின்ஷொப்பிங் பல்கலைக்கழகம் 1986-இல் கூட்டுக்கல்வியைத் தொடங்கி, 1996-இல் மாணவர்களே நடத்தும் வார்டு ஒன்றைத் திறந்தது. அங்கே பல துறை மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் ஒரே குழுவாக நோயாளிகளைக் கவனித்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர், நோய்த்தணிப்புச் செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகியோர் வீடு தேடி வருகிறார்கள். வேலை கூட்டாக நடக்கிறது. அதற்கான படிப்புதான் இன்னும் தனித்தனியாக நடக்கிறது.

ஆகவே இவ்வேண்டுகோளை விடுக்கும் குழு பொதுமக்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறது. பிள்ளைகளை மருத்துவம் சார்ந்த படிப்பில் சேர்க்கும் பெற்றோர், பிற துறை மாணவருடன் சேர்ந்து பயிலும் நேரம் அட்டவணையில் உண்டா, அதற்கு மதிப்பெண் உண்டா என்று கல்லூரியில் கேட்க வேண்டும். மதிப்பெண் இல்லாத வகுப்பு மூன்றாம் வாரமே காலியாகிவிடும் என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்தது. மருத்துவ மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டம் நடக்கும் ஊர்களில், நர்சிங், மருந்தியல், இயன்முறை மாணவர்களையும் உடன் அனுப்புமாறு ஊராட்சிகள் கல்லூரிக்குக் கடிதம் எழுதலாம். சட்டமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்புமாறு தொகுதி மக்கள் மனுக் கொடுக்கலாம்.

நோயிலிருந்து மீண்டவர்களிடமும் அவர்களைப் பார்த்துக்கொண்ட உறவினரிடமும் கேட்பது இன்னும் முக்கியமானது. யார் சொன்னது யாருக்குப் போய்ச் சேரவில்லை, எந்த மாத்திரையை இருவர் இரு விதமாகச் சொன்னார்கள், டிஸ்சார்ஜ் நாளில் எது விளங்காமல் வீடு திரும்பினார்கள் என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் இல்லை. கலப்பு வகுப்புகளுக்கு வந்து, யாருடைய பெயரையும் சொல்லாமல், நடந்ததை மட்டும் மாணவர்களிடம் எடுத்துரைக்க ஒரு பிற்பகலை ஒதுக்குமாறு அவர்கள் அழைக்கப்படுகிறார்கள்.