ஜப்பான் பையனும் குட்டி ஜப்பானும் - கடம்பூர் ஸ்டேஷன்ல ஒரு பேட்டி

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இன்னைக்கு ஒரு பெரிய மனுஷனோட பேட்டி. வயசு அஞ்சு. முப்பது வருஷத்துக்கும் மேலா அதே அஞ்சு. ஊரு ஜப்பான்ல சைத்தாமா மாகாணம், கசுகாபே. பேரு ஷின்சான்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. (பேட்டி மட்டும் போதும்ங்கிறவங்க ரெண்டு பத்தி தாண்டிக் குதிச்சிருங்க.) இவனை உருவாக்கினவர் யொஷிதோ உசுயி. 1990ல காமிக்ஸா ஆரம்பிச்சு, 1992ல ஜப்பான் டிவிக்கு வந்தான். நம்ம நாட்டுக்கு 2006ல ஹங்காமா டிவி வழியா வந்து தமிழும் பேசினான். அதே 2006லதான் தமிழக அரசு இலவச கலர் டிவி குடுக்க ஆரம்பிச்சது. அதுவரைக்கும் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியப் பிடிச்சுகிட்டு டிவி பாத்த எங்கள மாதிரி பயலுகளுக்கு வீட்டுக்குள்ளயே டிவியும் வந்தது, டிவிக்குள்ள இவனும் வந்தான்.

பிள்ளைங்க கெட்டுப் போகுதுன்னு பெத்தவங்க புகார் பண்ண, 2008ல மத்திய அரசு தடை போட்டது. 2009ல சில காட்சிகளை வெட்டிட்டு திரும்ப விட்டாங்க. அதே 2009 செப்டம்பர்ல உசுயி மலையேறப் போன இடத்துல தவறி விழுந்து இறந்து போனார். பையன் மட்டும் நிக்காம ஓடிட்டு இருக்கான். 2025ல வந்த படத்துல கதையே இந்தியாவுலதான் நடக்குது. இந்தியா வரைக்கும் வந்தவன் கடம்பூர் வராமலா போயிருவான்?

இப்ப எதுக்கு இந்தப் பேட்டின்னு கேக்குறீங்களா? எங்க அக்கா மகனுக்கும் அஞ்சு வயசு. போன மாசம் அவன் படிக்கிற ஸ்கூல்ல அக்காவைக் கூப்பிட்டு, "பையன் ஷின்சான் பாத்து ரொம்ப வாய் பேசுறான், அடக்கி வைங்க"ன்னு சொல்லி விட்டிருக்காங்க. அக்கா அழுதுட்டா. சரி, குற்றவாளியையே நேர்ல விசாரிப்போம்னு இறங்கிட்டேன்.

இடம்: கடம்பூர் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சு. கையில சுடச்சுட போளி.

நான்: பிரயாணம்லாம் சௌகரியமா தம்பி?

ஷின்சான்: அண்ணா, வழியெல்லாம் தரை கருப்பா இருக்கு. இம்புட்டுப் பெரிய போர்டை யாரு கீழ போட்டது? சாக்பீஸ் குடுங்க, எழுதணும்.

நான்: அது கரிசல் மண்ணுடா. பருத்தி, உளுந்து, கம்பு எல்லாம் விளையும்.

ஷின்சான்: குடைமிளகாய்?

நான்: நான் பாத்ததில்ல.

ஷின்சான்: நல்ல மண்ணு. நான் இங்கயே தங்கிக்கிறேன்.

நான்: உங்க அப்பா தேட மாட்டாரா?

ஷின்சான்: அவருக்கு வீட்டு லோன் இன்னும் 32 வருஷம் பாக்கி. எங்கயும் போக மாட்டார். உங்களுக்கு எத்தன வருஷம்?

நான்: (கேள்வி கேக்குறது நான்டா!) 20.

ஷின்சான்: அப்ப நீங்களும் எங்கயும் போக மாட்டீங்க.

நான்: சரி, விஷயத்துக்கு வருவோம். உன்னைப் பாத்துத்தான் பிள்ளைங்க சேட்டை பண்ணுதுன்னு சொல்றாங்களே?

ஷின்சான்: நான் டிவில வர்றதுக்கு முன்னாடி உங்க ஊர்ப் பிள்ளைங்க சேட்டையே பண்ணலையா?

இந்த எடத்துல நான் கொஞ்சம் மாட்டிக்கிட்டேன். ஏன்னு சொல்றேன்.

எங்க ஊருல இருந்து வடக்க போனா சிவகாசி. அதுக்கு 'குட்டி ஜப்பான்'னு பேரு, நேரு வச்ச பேருன்னு சொல்லுவாங்க. தீப்பெட்டின்னு பாத்தா சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டின்னு எல்லாம் ஒரே சங்கிலி. வானம் பாத்த பூமி. மழை பொய்ச்சா காட்டுல வேலை கிடையாது. காட்டுல வேலை இல்லைன்னா தீப்பெட்டி ஆபீஸ். (ஃபேக்டரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆபீஸ்தான்.) சட்டத்துல குச்சி அடுக்குறதுக்கும் பெட்டி ஒட்டுறதுக்கும் சின்ன விரலா இருந்தா வேகம்னு கண்டுபிடிச்சு, விடியக் கருக்கல்ல ஊர் ஊரா வண்டி அனுப்பி பிள்ளைங்களை ஏத்திட்டுப் போன காலம் ஒண்ணு இருந்தது. 1990ல சலம் பென்னூர்கர் எடுத்த டாக்குமெண்டரியோட பேரே 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. வருஷத்தைக் கவனிங்க. அங்க ஜப்பான்ல ஷின்சான் பிறந்த அதே 1990.

பதினாலு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களை தீப்பெட்டி வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு 1986லயே சட்டம் வந்தாச்சு. ஆனாலும் 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, வேலைக்கு வச்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபா கட்டணும்னு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. சட்டம், சத்துணவு, பள்ளிக்கூடம், மெஷினுன்னு எல்லாம் சேந்துதான் அந்த வண்டிகள் குறைஞ்சது.

எங்க அம்மா அந்த வண்டியில போனவங்க. ஒன்பது வயசுல ஆரம்பிச்சது. ஷின்சான் கேட்ட கேள்வியை அம்மாகிட்ட போன்ல நிஜமாவே கேட்டேன். "சின்னப் பிள்ளையில நீ என்னம்மா சேட்டை பண்ணுவ?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க, "தூங்குவேன்ல. குச்சி அடுக்கும்போதே கண்ணைத் தொறந்தாப்ல வச்சிக்கிட்டே தூங்கிருவேன். கங்காணிக்குத் தெரியாது. அதான் நான் பண்ண சேட்டை."

இதை ஷின்சான்கிட்ட சொன்னா என்ன சொல்லுவான்னு யோசிச்சுப் பாத்தேன். அவனுக்கு உச்சுக் கொட்டத் தெரியாது. நேரா அம்மாகிட்ட போயி, "ஆன்ட்டி, இப்பவும் ஒண்ணும் லேட் ஆகல. வாங்க, எதிர்த்த வீட்டு காலிங் பெல்லை அடிச்சுட்டு ஓடிருவோம்"னு கூப்பிட்டிருப்பான். அம்மாவும் முட்டி வலியைச் சொல்லிட்டு, அடிச்சாலும் அடிச்சிருப்பாங்க :-)

நான் சொல்ல வர்றது இதுதாங்க. சேட்டை பண்ண ஒரு பிள்ளைக்கு ரெண்டு விஷயம் வேணும். நேரம் வேணும், பயம் இல்லாம இருக்கணும். எங்க அம்மாவுக்கு ரெண்டும் கிடைக்கல. எங்க பக்கத்து ஊரு இடைசெவல்காரர் கி.ரா. எழுதின 'கதவு' கதையில, பிள்ளைங்க வீட்டுக் கதவை பஸ்ஸாக்கி ஆடிக்கிட்டு இருக்கும். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழட்டிட்டுப் போயிருவாங்க. கரிசக்காட்டுல பிள்ளைங்களோட விளையாட்டு அம்புட்டு லேசா பறிபோற சாமானாத்தான் இருந்தது. மூணு தலைமுறை பாடுபட்டு, இப்பத்தான் ஒரு அஞ்சு வயசுப் பய வாத்தியார்கிட்ட பயமில்லாம வாய் பேசுறான். உடனே அடக்கி வைங்கன்னா எப்படி?

"சேட்டை வேற, மரியாதை கெட்டதனம் வேற"ன்னு நீங்க சொல்லலாம். ஒத்துக்கிறேன். அந்தத் தொடர்ல பெரிய பொண்ணுங்க பின்னாடி இவன் வழிஞ்சுட்டுப் போறதும், டவுசரைக் கழட்டி ஆடுறதும் நம்ம பிள்ளைங்க பாக்க வேண்டியது இல்ல. அந்த காமிக்ஸ் மொதல்ல வந்ததே பெரியவங்க படிக்கிற பத்திரிகையிலதான். அதனால 2009ல வெட்டினதுல எனக்குப் பெருசா வருத்தம் கிடையாது. மொத்தமா தடை போட்டதுதான் அபத்தம். அந்தப் பத்தியில உள்ள ரெண்டு விஷயத்தையும் கழிச்சுட்டுப் பாத்தா மிச்சம் என்ன? அம்மா சமையலைக் குறை சொல்றது, அப்பா சாக்ஸ் நாத்தத்தைக் கிண்டல் பண்றது, பெரியவங்க மறைக்கிறதை வந்த விருந்தாளிகிட்ட போட்டு உடைக்கிறது. பதிலுக்கு தலை வீங்குற அளவுக்கு கொட்டும் வாங்குறான். சேட்டைக்குப் பரிசு குடுக்கிற தொடர் ஒண்ணும் இல்ல அது.

உண்மையில இப்ப பயப்பட வேண்டியது வேற ஒண்ணுக்கு. சத்தம் போடாம இருக்கணும்னு நாமளே பிள்ளை கையில போனைக் குடுத்து உக்கார வச்சிடுறோம். அஞ்சு மணிக்கு டியூஷன், ஆறு மணிக்கு அபாகஸ். நேரத்தை மறுபடியும் பிடுங்கியாச்சு. வண்டிதான் வேற.

அக்காகிட்ட நான் சொன்னது: டிவி பாக்குற நேரத்தைக் குறை. கெட்ட வார்த்தை சொன்னா கண்டி. ஆனா கேள்வி கேட்டா அடிக்காத. அதை வாங்கிக் குடுத்தவ நம்ம அம்மா.

பேட்டி முடிஞ்சு ஷின்சான் திருநெல்வேலி பாசஞ்சர் ஏறிட்டான். ஏறும்போது என் பங்கு போளியையும் எடுத்துட்டுப் போயிட்டான். ஸ்டேஷன் மாஸ்டரோட கொடியைக் காணோமாம், எனக்கு ஒண்ணும் தெரியாது.

டிஸ்கி: இதைத் தொடர் பதிவா ஓட்டலாம்னு ஆசை. விதி ஒண்ணே ஒண்ணுதான். நீங்க பண்ண சேட்டையை எழுத வேண்டாம், அதுல நாம எல்லாருமே பிஎச்டி. உங்க அம்மாகிட்டயோ ஆச்சிகிட்டயோ அவங்க சின்ன வயசுல என்ன சேட்டை பண்ணாங்கன்னு கேட்டு எழுதுங்க. பதில் வர கொஞ்சம் நேரமாகும், போனை வச்சிராதீங்க.